எனியாக்கைக் கட்டிய பள்ளி, கட்டியவர்களை இழந்த வருடம்: மூர் மின்பொறியியல் பள்ளி – ஒரு நிகழ்வு ஆய்வு

1946 பிப்ரவரி 15 அன்று பிலடெல்பியாவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மூர் பள்ளி, எனியாக் என்ற மின்னணுக் கணினியை முறைப்படி அர்ப்பணித்தது. அதே ஆண்டு மார்ச் 31-ஆம் தேதியோடு அதன் தலைமைப் பொறியாளர் பிரெஸ்பர் எக்கர்ட்டும், அந்த யோசனையை முதலில் எழுத்தில் வைத்த ஜான் மாக்லியும் வேலையை விட்டு விலகினார்கள். நடுவில் இருந்தது 44 நாள்.

விலகலுக்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் கிடையாது. இயந்திரம் ஓடியது, பணம் வந்தது, அடுத்த இயந்திரத்துக்கான ஒப்பந்தமும் கையில் இருந்தது. கையெழுத்தாகாமல் கிடந்த ஒரு காகிதம்தான் குழுவை உடைத்தது. ஒவ்வொரு ரெசிஸ்டருக்கும் எழுத்தில் விதி வகுத்த பள்ளி, கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தம் என்பதற்கு மட்டும் மூன்று ஆண்டுகள் விதி வகுக்காமல் இருந்தது. இந்த ஆய்வு அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறது.

கம்பிப் பணத்தில் வந்த பள்ளி

அமெரிக்க வழக்கில் ‘பள்ளி’ என்றால் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே தனி டீனும் தனி நிதியும் கொண்ட ஒரு புலம். மின்கம்பித் தொழிலில் சம்பாதித்த ஆல்பிரட் ஃபிட்லர் மூர் விட்டுச் சென்ற சொத்திலிருந்து 1923-இல் இது தொடங்கியது. முதல் டீன் ஹரால்ட் பெண்டர். அடுத்த கால் நூற்றாண்டும் அவர்தான். 33-ஆவது தெருவில் முன்பு இசைக்கருவித் தொழிற்சாலையாக இருந்த கட்டடத்தை 1926-இல் புதுப்பித்துக் குடியேறினார்கள்.

1930-களில் பள்ளிக்குப் பெயர் வாங்கித் தந்தது டிஃபரன்ஷியல் அனலைசர். எம்.ஐ.டி.யில் வானவர் புஷ் உருவாக்கிய, சக்கரமும் அச்சும் சுழன்று வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தீர்க்கும் இயந்திரம் அது. மந்தநிலைக் கால நிவாரணத் திட்டத்தின் ஆட்களைக் கொண்டே மூர் பள்ளி இதைக் கட்டியது. பள்ளியில் நின்றதில் 14 தொகையீட்டுச் சக்கரங்கள். மேரிலாந்தின் அபர்டீனில் ராணுவத்தின் எறிபொருள் ஆய்வகத்துக்குப் போனதில் 10. ராணுவத்துக்கும் பள்ளிக்கும் உறவு தொடங்கிய இடம் இது. போர் வந்தபோது அபர்டீன்காரர்கள் இந்தப் பெரிய இயந்திரத்தையும் தங்கள் கணக்குக்கே எடுத்துக்கொண்டார்கள்.

கணக்கு என்றால் பீரங்கி அட்டவணை: எந்தக் கோணத்தில் சுட்டால் குண்டு எங்கே விழும் என்று சொல்வது. ஒரு குண்டு பாயும் பாதையை மேசைக் கணக்குப்பொறி வைத்து ஒருவர் போட்டால் ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகும். அனலைசரில் கால் மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். ஒரு பீரங்கிக்கும் ஒரு குண்டுக்குமான முழு அட்டவணைக்கு அப்படி ஏறத்தாழ 3,000 பாதைகள் வேண்டும். பட்டதாரிப் பெண்களை நூற்றுக்கணக்கில் சேர்த்துக் கணக்கர்களாகப் பயிற்றுவித்தும் வேலை குவிந்துகொண்டே போனது.

தொலைந்துபோன குறிப்பு

மாக்லி அர்சினஸ் கல்லூரியில் இயற்பியல் கற்பித்தவர். 1941 கோடையில் மூர் பள்ளி நடத்திய போர்க்கால மின்னணுவியல் வகுப்புக்கு மாணவராக வந்து, அங்கேயே ஆசிரியரானார். அந்த வகுப்பின் ஆய்வகத்தில் சொல்லிக்கொடுத்த 22 வயது இளைஞர் எக்கர்ட். 1942 ஆகஸ்டில் வால்வுகளைக் (மின்னோட்டத்தை நடத்தவோ அடைக்கவோ செய்யும் வெற்றிடக் குழாய்களை) கொண்டு அதிவேகமாகக் கணக்கிடுவது பற்றி மாக்லி ஒரு குறிப்பு எழுதினார். பள்ளியில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ராணுவத்தின் சார்பில் அங்கிருந்த கணிதவியலாளர் ஹெர்மன் கோல்ட்ஸ்டைன் 1943 வசந்தத்தில் விசாரித்தபோது குறிப்பின் பிரதி கிடைக்கவில்லை. செயலாளரின் சுருக்கெழுத்துக் குறிப்பிலிருந்து மறுபடி தட்டச்சு செய்தார்கள். ஒரு நிறுவனம் தன் காகிதங்களை எப்படி வைத்துக்கொள்கிறது என்பதற்கு இது முதல் அடையாளம். பின்னால் நடந்ததைப் பார்க்கும்போது இதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியவில்லை.

1943 ஏப்ரல் 9 அன்று அபர்டீனில் நடந்த கூட்டத்தில் ஒப்புதல் கிடைத்தது. ஜூன் 5-இல் ஒப்பந்தம். முதல் ஆறு மாதத்துக்கு 61,700 டாலர். முடிவில் செலவு 4,86,804 டாலர். ஏறத்தாழ எட்டு மடங்கு.

17,468 வால்வுகளை எப்படி நம்புவது?

எனியாக் ஓடாது என்று சொன்னவர்கள் முட்டாள்கள் அல்ல. அவர்கள் போட்டது எளிய கணக்கு. ஒரு சாதாரண ரேடியோ வால்வு சராசரியாக 2,500 மணி நேரம் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். 17,468 வால்வுகள் ஒரே நேரத்தில் எரிந்தால், சராசரியாக 8.6 நிமிடத்துக்கு ஒன்று போய்விடும். பத்து நிமிடக் கணக்கைக்கூட நிம்மதியாக முடிக்க முடியாது. இரண்டு நாளுக்கு ஒன்றுதான் போகலாம் என்றால் ஒவ்வொரு வால்வும் சராசரியாக 8,38,000 மணி நேரம், அதாவது 95 ஆண்டு தாங்க வேண்டும்.

எக்கர்ட் வால்வை மாற்றவில்லை, அதை நடத்தும் விதத்தை மாற்றினார். கடையில் கிடைக்கும் அதே ரகங்கள்தான், அதுவும் ஏறக்குறைய பத்து ரகங்களுக்குள். ஆனால் எந்த வால்வும் தயாரிப்பாளர் குறித்த திறனில் பாதியைக்கூட எட்டக் கூடாது. ஹீட்டருக்குக் குறித்ததைவிடக் குறைந்த மின்னழுத்தம். ரெசிஸ்டர், மின்தேக்கி எல்லாவற்றுக்கும் இதேபோல் இடைவெளி விட்ட அளவு. இதைவிட முக்கியம், எந்தச் சுற்றும் வால்வின் துல்லியமான குணத்தை நம்பக் கூடாது என்ற விதி. வால்வு ஒன்று நடத்தும் அல்லது அடைக்கும். இடைப்பட்ட நிலைக்கு அர்த்தமே கிடையாது. அதனால் வயதாகித் தளர்ந்த வால்வும் வேலை செய்துகொண்டே இருக்கும். வேகத்திலும் இதே சிக்கனம்: வால்வுகளால் இன்னும் வேகமாகத் துடிக்க முடியும் என்று தெரிந்தே, நொடிக்கு 1,00,000 துடிப்பில் நிறுத்திக்கொண்டார்கள்.

கம்பியின் உறையைக்கூட விட்டுவைக்கவில்லை. பல மாதிரிகளை எலிகளுக்குப் போட்டு, அவை கடிக்காத உறையையே தேர்ந்தெடுத்ததாக எக்கர்ட் பின்னாளில் சொன்னார்.

ஆனாலும் தொடக்கத்தில் நாளுக்குப் பல வால்வுகள் போய்க்கொண்டுதான் இருந்தன. காரணத்தைத் தேடியபோது, பெரும்பாலான சேதம் சுவிட்சைப் போடும்போதும் அணைக்கும்போதும் நடப்பது தெரிந்தது. ஹீட்டர் இழை சூடாகி விரியும், குளிர்ந்து சுருங்கும். அந்த இழுபறியில்தான் முறியும். ஆகவே இயந்திரத்தை அணைக்காமலே வைத்தார்கள். 150 கிலோவாட் மின்சாரம் இரவு பகலாக எரியட்டும், வால்வு பிழைத்தால் போதும். 1948-க்குப் பிறகு நம்பகமான ரகங்கள் வந்ததும் பழுது இரண்டு நாளுக்கு ஒன்று என்ற அளவுக்கு இறங்கியது. 1954-இல் ஒருமுறை தொடர்ந்து 116 மணி நேரம் பழுதின்றி ஓடியது. பழுது வந்தாலும் கலங்க வேண்டியதில்லை: அலகுகள் செருகிக் கழற்றும் வகை. எது கெட்டது என்று கால் மணி நேரத்தில் கண்டுபிடித்து, மாற்று அலகைச் செருகிவிட்டு, கெட்டதை மேசையில் வைத்து நிதானமாகப் பார்க்கலாம்.

முழு இயந்திரத்தையும் கட்டி முடித்துவிட்டுச் சோதிக்கவில்லை என்பதையும் குறிக்க வேண்டும். 1944 கோடையில், எண்களை வைத்துக் கூட்டும் அலகுகளான அக்யுமுலேட்டர்களில் இரண்டை மட்டும் இணைத்து ஓட்டிப் பார்த்து, விதிகள் சரி என்று தெரிந்த பிறகுதான் மற்றவற்றைக் கட்டினார்கள்.

200 இலக்கத்துக்கு 11,000 வால்வு

அக்யுமுலேட்டர் என்பது பத்து இலக்க எண்ணை வைத்துக்கொண்டு, வருவதை அதனோடு கூட்டும் அலகு. ஒவ்வோர் இலக்கத்துக்கும் பத்து நிலை கொண்ட ஒரு வளைய எண்ணி. 7 என்ற இலக்கம் வந்தால் ஏழு துடிப்பு வரும், வளையம் ஏழு படி நகரும். ஒன்பதைத் தாண்டினால் மீதி அடுத்த வளையத்துக்குப் போகும். ஒரு துடிப்புக்கு 10 மைக்ரோ நொடி, ஒரு கூட்டலுக்கு 20 துடிப்பு நேரம். ஆக 200 மைக்ரோ நொடி, நொடிக்கு 5,000 கூட்டல். 20 மணி நேரக் குண்டுப் பாதை அரை நிமிடத்தில் முடிந்தது. நிஜக் குண்டு தரையில் விழுவதற்கு முன்பே.

விலை என்ன? ஓர் இலக்கத்துக்கு 36 வால்வு, ஓர் அக்யுமுலேட்டருக்கு ஏறக்குறைய 550. அப்படி இருபது. மொத்தம் 200 இலக்கங்களை நினைவில் வைக்க 11,000 வால்வு! நிரலும் நினைவகத்தில் இல்லை; கேபிளிலும் சுவிட்சிலும் இருந்தது. மூன்று அட்டவணைப் பலகைகளில் மட்டும் தலா 1,200 சுழல் சுவிட்ச். கணக்கை மாற்றினால் நாள் கணக்கில் கம்பி மாற்ற வேண்டும். இதைச் செய்ய 1945-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆறு பெண்கள் (கே மெக்நல்டி, பெட்டி ஜீன் ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃபிரான்சஸ் பிலாஸ், ரூத் லிக்டர்மன்) கையேடே இல்லாமல், சுற்று வரைபடங்களை மட்டும் வைத்துக்கொண்டு இயந்திரத்தைக் கற்றார்கள். அர்ப்பண விழாவில் ஓடிய குண்டுப் பாதைக் கணக்கு அவர்கள் அமைத்தது. விழாச் செய்திகளில் அவர்கள் பெயர் இல்லை.

இந்தக் குறைகள் கட்டும்போதே எல்லோருக்கும் தெரியும். போர் முடியுமுன் இயந்திரம் வேண்டும் என்பதால் வடிவமைப்பை உறைய வைத்துவிட்டு, குறைகளுக்கான தீர்வை எட்வாக் என்ற அடுத்த இயந்திரத்துக்குத் தள்ளினார்கள். தீர்வு எக்கர்ட் ரேடார் வேலையில் பழகிய பாதரசக் குழாய். ஒரு முனையில் குவார்ட்ஸ் படிகம் மின்துடிப்பை ஒலியாக்கி அனுப்பும். மறுமுனைப் படிகம் ஒலியைத் திரும்ப மின்துடிப்பாக்கும். அதைப் பெருக்கி, வடிவம் திருத்தி, மறுபடி முதல் முனையில் விட்டால் துடிப்புகள் சுற்றிக்கொண்டே இருக்கும். முடிவான எட்வாக் வடிவத்தில் ஒரு குழாய் 384 மைக்ரோ நொடி தாமதம் தந்தது. பாதரசத்தில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 1,450 மீட்டர் போவதால் குழாய் அரை மீட்டருக்குச் சற்று மேல் நீளம். அந்த நீளத்துக்குள் தலா 44 பிட் கொண்ட எட்டுச் சொற்கள் அடங்கின. ஒரு குழாயும் கொஞ்சம் வால்வும் போதும். தொல்லை வெப்பநிலையில் இருந்தது: சூடு மாறினால் ஒலியின் வேகம் மாறும், துடிப்பு தப்பான நேரத்தில் வந்து சேரும். ஆகவே குழாய்களின் வெப்பநிலையைக் கட்டுப்பாட்டில் வைக்க வேண்டும்.

நினைவகம் இவ்வளவு மலிவானதும், கட்டளைகளையும் எண்களோடு அதிலேயே வைக்கலாம் என்ற எண்ணம் இயல்பாக வந்தது. அது யாருக்கு முதலில் வந்தது என்பதில்தான் வினை தொடங்கியது.

காகிதத்தின் கதை

1944 கோடையில் கணிதவியலாளர் ஜான் வான் நியூமன் ஆலோசகராகக் குழுவில் சேர்ந்தார். கூட்டங்களில் பேசியதை அவர் தம் பாணியில் தர்க்கமாகக் கோத்து எழுதி அனுப்ப, கோல்ட்ஸ்டைன் அதை 1945 ஜூன் 30 தேதியிட்டுப் பிரதி எடுத்து அனுப்பினார். எட்வாக் பற்றிய முதல் வரைவு, 101 பக்கம். அட்டையில் வான் நியூமன் பெயர் மட்டும். முதலில் 24 பேருக்குப் போனது, பிறகு பரவியது. எட்வாக் ரகசியத் திட்டம்; எக்கர்ட்டும் மாக்லியும் அதுவரை வெளியில் எதுவும் எழுத முடியவில்லை. அமெரிக்கச் சட்டப்படி ஒரு கண்டுபிடிப்பு அச்சில் வெளியானால், அதிலிருந்து ஓராண்டுக்குள் காப்புரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டும். இந்த வரைவு அப்படிப்பட்ட வெளியீடுதான் என்று 1947 ஏப்ரலில் ராணுவ வழக்கறிஞர்கள் சொன்னபோது, ஓராண்டு ஏற்கெனவே முடிந்துபோயிருந்தது. எட்வாக் காப்புரிமை இப்படித்தான் கைநழுவியது.

எனியாக்குக்கு வருவோம். ஒப்பந்தம் போட்ட 1943-இல் ஊழியர்களின் கண்டுபிடிப்பு பற்றிப் பல்கலைக்கழகத்தில் உறுதியான விதி இல்லை. இருவரும் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. 1945 மார்ச்சில்தான் பல்கலைக்கழகத் தலைவர் ஜார்ஜ் மெக்லெலண்ட் கடிதம் கொடுத்தார்: காப்புரிமை இருவருக்கும், அரசுக்குக் கட்டணமற்ற உரிமம், பல்கலைக்கழகத்துக்கும் உரிமம். இது எனியாக்குக்கு. எட்வாக்குக்கும் இதே ஏற்பாடுதான் என்று இருவரும் எடுத்துக்கொண்டார்கள். பள்ளி அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. எழுத்தில் எதுவும் இல்லை.

1946 தொடக்கத்தில் இர்வன் டிராவிஸ் கடற்படையிலிருந்து பள்ளிக்குத் திரும்பி ஆராய்ச்சிப் பொறுப்பை ஏற்றார். அனலைசர் காலத்து ஆள். அரசு ஒப்பந்தங்களைப் போரில் நேரில் பார்த்தவர். ஒப்பந்த ஆராய்ச்சியை நம்பி வாழும் பள்ளியில் ஒவ்வோர் ஊழியரும் தம் கண்டுபிடிப்பைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது அவர் நிலை. மார்ச் 22 அன்று படிவம் வந்தது. அன்று மாலை 5 மணிக்குள் பதில் வேண்டும், மறுத்தால் வேலையில் தொடர முடியாது. இருவரும் மறுத்தார்கள்.

டிராவிஸை வில்லனாக்குவது எளிது. பலர் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். அவர் கேட்டது இன்று எந்தப் பெரிய பல்கலைக்கழகத்திலும் வேலையில் சேரும் நாளிலேயே கையெழுத்தாகும் விஷயம். கோளாறு விதியில் இல்லை, அது வந்த நேரத்தில். சேரும்போது கேட்டால் அது நிபந்தனை. பாதி வேலை முடிந்து, முந்தைய இயந்திரத்துக்கு நேரெதிரான வாக்குறுதியையும் கொடுத்துவிட்டு, ஒரு நாள் கெடுவில் கேட்டால் அது பறிமுதல் போலத்தான் படும். வால்வுக்கு இடைவெளி விட்டு அளவு குறித்த பள்ளி, மனிதருக்கு மாலை ஐந்து மணி வரை கொடுத்தது.

எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்த கோடை

அதே 1946-இல் ஜூலை 8 முதல் ஆகஸ்ட் 31 வரை, ராணுவமும் கடற்படையும் பணம் கொடுக்க, பள்ளி ஒரு விரிவுரைத் தொடர் நடத்தியது. 48 விரிவுரை, 28 மாணவர். ஹார்வர்டின் ஹோவர்ட் ஐக்கன், இங்கிலாந்தின் டக்ளஸ் ஹார்ட்ரீ, முன்பு பெல் ஆய்வகத்தில் இருந்த ஜார்ஜ் ஸ்டிபிட்ஸ் எனப் பலர் பேசினார்கள். வேலையை விட்ட எக்கர்ட்டும் மாக்லியும் பேசினார்கள், டிராவிசும் பேசினார்.

கேம்பிரிட்ஜிலிருந்து மாரிஸ் வில்க்ஸ் கப்பல் கிடைக்காமல் தாமதமாகி, கடைசி இரண்டு வாரத்துக்கே வந்து சேர்ந்தார். திரும்பும் கப்பலிலேயே வரையத் தொடங்கிய அவருடைய எட்சாக் கணினி, பாதரசக் குழாய்களோடு 1949 மே 6-இல் ஓடியது. மான்செஸ்டரிலிருந்தும், அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனத்திலிருந்தும் ஆள் வந்திருந்தார்கள். இரண்டு இடத்திலும் 1950-க்குள் இயந்திரம் ஓடிவிட்டது.

மூர் பள்ளியின் எட்வாக்? கோல்ட்ஸ்டைனும் ஆர்தர் பர்க்ஸும் வான் நியூமனோடு பிரின்ஸ்டன் போனார்கள். பொறுப்பேற்ற கைட் ஷார்ப்லஸ் 1947-இல் சொந்தக் கம்பெனி தொடங்கப் போய்விட்டார். 1949 ஆகஸ்டில்தான் எட்வாக் அபர்டீனுக்குப் போய்ச் சேர்ந்தது. வேலை செய்யத் தொடங்கியது 1951-இல். 1,00,000 டாலரில் திட்டமிட்டது 5,00,000 டாலரைத் தொட்டது. அதே 1951 மார்ச் 31-இல், விலகிய சரியாக ஐந்தாவது ஆண்டு நிறைவில், இருவரும் தொடங்கிய எக்கர்ட்–மாக்லி கம்பெனியின் யூனிவாக் கணினி மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையால் ஏற்கப்பட்டது. ஆனால் கம்பெனி அதற்குள் பணமில்லாமல் ரெமிங்டன் ராண்டுக்கு விற்கப்பட்டிருந்தது.

பாடம் எழுதிய பள்ளியே அந்தப் பாடத்தின்படி இயந்திரம் கட்டி முடிக்கக் கடைசியில் நின்றது. குழு கலைந்தால் வரைபடம் மட்டும் மிஞ்சும். வரைபடத்தில் இல்லாதவை (எந்தக் குழாய் எப்போது தடுமாறும், எந்தச் சுற்றை எவ்வளவு இழுக்கலாம்) போனவர்களோடு போய்விடும். விரிவுரை கேட்டவர்களுக்கு அந்த இழப்பு இல்லை: சொந்தக் குழுவோடு, சின்ன அளவில், முதல் வரியிலிருந்து தொடங்கினார்கள்.

நீதிமன்றம்

எனியாக் காப்புரிமை விண்ணப்பம் 1947 ஜூன் 26 அன்று தாக்கலாகி, 1964 பிப்ரவரி 4-இல் வழங்கப்பட்டது. அப்போது உரிமை, ரெமிங்டன் ராண்ட் இணைந்து உருவான ஸ்பெரி ராண்ட் கையில். 1967-இல் போட்டிக் கணினி நிறுவனமான ஹனிவெல் வழக்குத் தொடுத்தது. மினியாபோலிஸில் நீதிபதி ஏர்ல் லார்சன் 1973 அக்டோபர் 19 அன்று காப்புரிமை செல்லாது என்று தீர்ப்பளித்தார். 1941-இல் அயோவாவில் ஜான் அடனாசாஃபின் இயந்திரத்தை மாக்லி நேரில் போய்ப் பார்த்ததும் முதல் வரைவும் காரணங்களில் உண்டு. முதல் காரணத்தைப் பற்றி இன்றும் சண்டை ஓயவில்லை. அடனாசாஃபின் இயந்திரம் நேரியல் சமன்பாடுகளுக்கு மட்டுமானது என்பதை ஒரு தரப்பும், வால்வால் எண்களைக் கணக்கிட்டது அதுவே முதலில் என்பதை மறு தரப்பும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஸ்பெரி மேல்முறையீடு செய்யவில்லை.

சண்டைக்கே இடமில்லாத காரணம் தேதி. விண்ணப்பத்துக்கு ஓராண்டு முன், அதாவது 1946 ஜூன் 26-க்கு முன், இயந்திரம் பயன்பாட்டுக்கு வந்திருக்கக் கூடாது. ஆனால் அணுகுண்டு ஆய்வகமான லாஸ் அலமோஸின் ஹைட்ரஜன் குண்டுக் கணக்கு 1945 டிசம்பரிலேயே எனியாக்கில் ஓடியது. பிப்ரவரியில் பத்திரிகைகளும் பார்த்துவிட்டன. இந்தக் கெடுவைத் தாண்டாமல் இருக்க 1946 நவம்பருக்குள்ளாவது விண்ணப்பம் போயிருக்க வேண்டும். அந்த இலையுதிர் காலத்தில், விண்ணப்பத்தை வரி வரியாக விளக்கக்கூடிய இருவரும் மூர் பள்ளியில் இல்லை. பிலடெல்பியாவிலேயே வேறொரு தெருவில், கணக்கெடுப்புத் துறைக்கான ஒப்பந்தம் கிடைக்குமா என்று அலைந்துகொண்டிருந்தார்கள்.